வடிக்காமற் சமைக்கும் பாஸ்தா
வேலை நாட்களுக்கு ஏற்ற ஒரு சட்டி இராப்போசனம்

“இன்றைக்கு இரவுக்கு என்ன?”

இந்த வினா நமது இல்லங்களில் பிற்பகல் மூன்று மணிக்கே பிறந்துவிடுகின்றது. கந்தோரிலே கோப்புகளுக்கு நடுவில் அமர்ந்திருக்கும் தாயின் உள்ளத்தில் அது முதலில் எழும். மாலையில் பஸ் வண்டியிலே நின்றபடி வீடு திரும்பும்போது அது வளரும். வாசற்படியிற் கால் வைத்ததும், “அம்மா, பசிக்குது” என்று பிள்ளை ஓடிவரும் வேளையில் அது முற்றி நிற்கும். விடையோ பெரும்பாலும் பாணும் பருப்புமாக முடியும்; அல்லது கடையிலே வாங்கிய இடியப்பமாகவோ, கொத்துரொட்டியாகவோ முடியும்.

சோறும் கறியும் ஆக்குவதாயின் என்ன நிகழ்கின்றது என்பதை நாம் ஒருநாள் கணக்கெடுத்துப் பார்த்தோம். உண்ட பீங்கான்களை நீக்கிவிட்டு, சமைத்த பாத்திரங்களை மட்டும் எண்ணினோம். சோற்றுப் பானை, கஞ்சி வடித்த பாத்திரம், பருப்புச் சட்டி, மீன் சட்டி, கீரை வதக்கிய தாச்சி, சொதி வைத்த சட்டி, தேங்காய்ப்பால் பிழிந்த கிண்ணம், வடி, சம்பல் அரைத்த பாத்திரம் என ஒன்பது சேர்ந்தன. இரவு ஒன்பதரை மணிக்கு அந்த ஒன்பதையும் தேய்த்துக் கழுவியவர் யார் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

சோறு கறியின் சிறப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. அதற்கு ஈடு வேறில்லை. ஆயினும் ஏழு நாளும் இரவில் அது நடைபெறுதல் வேண்டும் என்னும் நியதி எங்கும் எழுதப்படவில்லை. வாரத்தில் ஒருநாளாவது ஒரே சட்டியில், இருபத்தைந்து நிமிடங்களில், போஷாக்குள்ள ஓர் உணவைச் சமைத்து முடிக்க முடியுமாயின், அந்த வீட்டின் மாலைப் பொழுது எவ்வாறு மாறும்? இவ்வினாவுக்கு விடை தேடும்போதுதான், இன்று பல நாடுகளின் குடும்பங்களிற் பழக்கத்துக்கு வந்திருக்கும் ‘ஒரு சட்டிப் பாஸ்தா’ எமது கருத்துக்கு வந்தது.

வடித்தலும் பொங்குதலும்

பாஸ்தா நமக்கு முற்றிலும் புதியதன்று. ‘மக்கறோனி’ என்ற பெயரில் அதன் ஒரு வடிவத்தைக் கொழும்புக் கடைகளில் நாம் நெடுங்காலமாகக் கண்டிருக்கின்றோம். கோதுமையை ரவையாக அரைத்து, நீர் விட்டுப் பிசைந்து, அச்சிலே பிழிந்து, உலர்த்தி எடுப்பதே பாஸ்தாவாகும். அரிசி மாவைக் குழைத்து உரலிற் பிழிந்து இடியப்பம் அவிக்கும் நமக்கு இத்தொழில் எளிதில் விளங்கும். நாம் பிழிந்தவுடன் அவிக்கின்றோம். அவர்கள் பிழிந்து காயவிட்டு, வேண்டியபோது அவிக்கின்றார்கள்.

இத்தாலியில் நாப்பொலி நகரும், அதற்கு அண்மையிலுள்ள கிரஞானோ என்னும் ஊரும் உலர்ந்த பாஸ்தாவுக்குப் பேர் பெற்றவை. மலைக் காற்றும் கடற் காற்றும் மாறி மாறி வீசும் அவ்வூரின் தெருக்களில், மூங்கிற் கழிகளில் நூல் நூலாகத் தொங்கவிட்டுப் பாஸ்தாவை உலர்த்துவது பண்டைய வழக்கமாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாப்பொலித் தெருக்களிலே விற்பனையாளர் பெருங்கொப்பரைகளில் மக்கறோனியை அவித்து விற்க, ஏழைத் தொழிலாளர் அதனைக் கையாலேயே எடுத்து உண்டனர். இன்று உணவுச்சாலைகளில் விலையுயர்ந்து நிற்கும் இப்பண்டம், உழைத்துக் களைத்தவரின் அவசர உணவாகவும் வாழ்ந்திருக்கின்றது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இத்தாலியர் பாஸ்தாவைச் சமைக்கும் முறைக்கு ஒரு வாய்பாடே உண்டு. நூறு கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லீற்றர் நீர், பத்துக் கிராம் உப்பு. பெரிய பானையில் நீர் துள்ளிக் கொதிக்கும்போது பாஸ்தாவை இட்டு, சிறிது உறுதி எஞ்சியிருக்கும் பதத்தில் வடித்தெடுத்து, வேறொரு தாச்சியிலே தயாராகவிருக்கும் குழம்பிற் புரட்டுவார்கள். அந்தப் பதத்தை அவர்கள் ‘அல் தென்தே’ என்பர். ‘பல்லுக்கு’ என்பது அதன் நேர்ப் பொருள். கடிக்கும்போது பல்லுக்குச் சற்று வேலை இருத்தல் வேண்டும் என்பதாம்.

ஒரு சட்டி முறையோ இதற்கு மாறானது. பாஸ்தா, தக்காளி, வெங்காயம், உள்ளி, எண்ணெய், உப்பு, அளவான நீர் ஆகிய யாவும் ஒரே சட்டியில் ஒன்றாக அடுப்பேறுகின்றன. நீர் வற்ற வற்றப் பாஸ்தா வேகின்றது. வற்றிய நீரே குழம்பாகின்றது. வடிப்பதற்கு ஒன்றுமில்லை, வீசுவதற்கும் ஒன்றுமில்லை.

வெள்ளவத்தையில் எமக்கு அயலில் வாழும் ஒரு குடும்பத்தில் இதனை முதன்முறை சமைத்தபோது, அவ்வீட்டு அப்பாச்சி அடுக்களை வாசலில் நின்று சிறிது நேரம் பார்த்திருந்தார். பின்னர் மருமகளை நோக்கி, “உது புக்கையெல்லோ, பிள்ளை!” என்றார். இம்முறையை இதனினும் தெளிவாக வேறெவரும் விளக்கியதாக நாம் அறியோம். அரிசியைக் கஞ்சி வடித்துச் சோறாக்குவது ஒரு முறை. அளந்து நீர் விட்டு, வடிக்காமற் பொங்கிப் புக்கையாக்குவது மற்றொரு முறை. இத்தாலியரின் வழக்கம் வடித்த சோறு போன்றது. ஒரு சட்டிப் பாஸ்தா, பொங்கிய புக்கை போன்றது. தைப்பொங்கலன்று முற்றத்திலே பானை வைக்கத் தெரிந்த எவருக்கும் இதன் அடிப்படை முன்னரே தெரியும்.

இது தகுமா என்ற வாதம்

2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ‘மார்த்தா ஸ்ருவேட் லிவிங்’ என்னும் குடும்ப சஞ்சிகை இம்முறையை வெளியிட்டது. அதன் பின்னரே இது உலகெங்கும் பேசப்படலாயிற்று. சஞ்சிகையின் சமையற் பகுதியைச் சேர்ந்த ஒருவர் தென் இத்தாலியின் பூலியாப் பகுதியிற் கண்டுவந்த முறை அது என்று சொல்லப்பட்டது. மரபை விரும்பும் இத்தாலியர் பலர் முகம் சுளித்தனர். ‘நீர் குறைந்தால் பாஸ்தா ஒட்டிக்கொள்ளும், மாப்பசை மிகும்’ என்பது அவர்களது குற்றச்சாட்டு.

அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதே இத்தாலியில், அவரையினக் கொட்டைகளைக் கொதிக்கவைத்து, அக்குழம்பினுள்ளேயே பாஸ்தாவை இட்டு வேகவைக்கும் ‘பாஸ்தா எ பஜோலி’ என்னும் உணவு தலைமுறை தலைமுறையாக ஏழைக் குடும்பங்களைக் காத்து வந்துள்ளது. நாப்பொலியிலே உருளைக்கிழங்குடன் பாஸ்தாவை ஒரே சட்டியிற் சமைப்பதும் உண்டு. ஆகவே ஒரே சட்டி என்பது அந்நாட்டு அடுக்களைக்கும் அந்நியமன்று. நமது ஒடியற் கூழை எண்ணிப் பாருங்கள். மீனும், நண்டும், பயிற்றங்காயும், பலாக்கொட்டையும், ஒடியல் மாவும் ஒரு பானையிற் கூடியபின்னரன்றோ பனையோலைப் பிளாவைச் சுற்றிக் குடும்பமே கூடுகின்றது!

நீரின் அளவு பற்றிய வாதத்தை ஆராய்ந்தவர்களும் உளர். ஹரல்ட் மக்கீ என்பவர் உணவு விஞ்ஞானம் பற்றி எழுதிப் புகழ்பெற்ற அமெரிக்க எழுத்தாளர். அவர் 2009ஆம் ஆண்டில் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையில், பாஸ்தாவுக்கு உண்மையில் எவ்வளவு நீர் வேண்டும் என்ற வினாவை எழுப்பினார். வழக்கமான அளவிற் பாதிக்கும் குறைந்த நீரிலே, அதுவும் குளிர்ந்த நீரிலிருந்தே தொடங்கிப் பாஸ்தாவை நன்கு சமைக்கலாம் என்று தமது சோதனைகளிற் கண்டார். இடையிடையே கிளறிவிடல் வேண்டும் என்பதே அவர் கண்ட முக்கிய நிபந்தனை.

இதன் காரணம் எளியது. பாஸ்தாவிலுள்ள மாப்பொருள் சூட்டில் நீரை உறிஞ்சி வீங்குகின்றது. அதில் ஒரு பகுதி வெளியே கசிந்து நீரிற் கலக்கின்றது. நிறைய நீர் விட்டு வடிக்கும்போது அது கஞ்சியோடு போய்விடுகின்றது. அளவான நீரில் அது சட்டியிலேயே தங்குகின்றது. தக்காளிச் சாற்றையும் எண்ணெயையும் பிரியவிடாமல் இணைத்து, குழம்புக்கு ஒரு வழவழப்பைத் தருவது அதுவே. மரபு முறையிற் சமைக்கும் இத்தாலியரும் வடித்த நீரில் ஓர் அகப்பை எடுத்துக் குழம்பிற் சேர்ப்பதுண்டு. அவர்கள் ஓர் அகப்பையாற் பெறுவதை நாம் முழுச் சட்டியாலும் பெறுகின்றோம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பாஸ்தா எல்லாம் ஒன்றன்று. ‘துரம்’ என்னும் கடின வகைக் கோதுமையின் ரவையிற் செய்ததே குலையாமல் வேகும். அதன் புரதம் வலைபோல் நின்று மாப்பொருளைத் தாங்கிப் பிடிக்கின்றது. இத்தாலியில் உலர்ந்த பாஸ்தாவைத் துரம் கோதுமையிலேயே செய்தல் வேண்டும் என்று 1967ஆம் ஆண்டில் சட்டமே இயற்றினார்கள். சாதாரண கோதுமை மாவிற் செய்த மலிவான வகை, ஒரு சட்டி முறையில் விரைவிலே களியாகிவிடும். ஆகவே பொதியை வாங்குமுன் திருப்பிப் பார்த்து, ‘துரம்’ என்ற சொல் இருக்கின்றதா எனக் கவனித்தல் நன்று.

செய்முறை

இனிச் சமையலுக்கு வருவோம். நால்வருக்குப் போதுமான அளவு இது.

துரம் கோதுமைப் பாஸ்தா 350 கிராம். (குழாய் வடிவான சிறிய வகை இலகுவானது.)
நன்கு பழுத்த தக்காளிப்பழம் 400 கிராம்.
பெரிய வெங்காயம் ஒன்று.
உள்ளி ஐந்து பல்லு.
செத்தல் மிளகாய் இரண்டு.
கறிவேப்பிலை இரண்டு நெட்டு.
எண்ணெய் இரண்டு மேசைக் கரண்டி.
உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி.
நீர் ஒரு லீற்றர்.
பசளிக்கீரை ஒரு பிடி.
அவித்த கடலை இரண்டு கைப்பிடி, அல்லது ரின் மீன் ஒன்று.

ஒலிவ் எண்ணெய் கிடைத்தால் நன்று; கிடையாவிடின் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ குற்றமில்லை. இத்தாலியர் இதிற் சேர்க்கும் ‘பசில்’ என்னும் இலை நமது துளசியின் இனத்தைச் சேர்ந்தது. அதன் இடத்தில் நாம் கறிவேப்பிலையை வைத்தோம். மணம் வேறாயினும் உணவு தாழவில்லை.

அகன்ற, அடி தடித்த எவர்சில்வர்ச் சட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளியின் புளிப்பு வெறும் அலுமினியத்தைச் சிறிது கரைக்குமாதலால் அதனைத் தவிர்ப்பது நலம். வெங்காயத்தை மெல்லியதாகச் சீவி, உள்ளியைத் தட்டி, தக்காளியை நான்காகப் பிளந்து சட்டியில் இடுங்கள். மிளகாயைக் கிள்ளிப் போடுங்கள். பாஸ்தா, கறிவேப்பிலை, எண்ணெய், உப்பு, நீர் யாவற்றையும் சேருங்கள். எதையும் முன்னர் வதக்கவேண்டியதில்லை. இவ்வளவும் ஐந்து நிமிட வேலை.

அடுப்பைக் கூட்டி எரியவிடுங்கள். ஏழெட்டு நிமிடங்களிற் கொதி வரும். கொதி வந்ததும் நெருப்பைச் சற்றுத் தணித்து, மூடாமல் வேகவிடுங்கள். முதல் மூன்று நிமிடங்களே முக்கியமானவை. அப்போதுதான் பாஸ்தாவின் மேற்புறம் பசைத்தன்மை கொண்டு ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கும். அவ்வேளையில் அகப்பையைக் கையை விட்டு விலக்கலாகாது. அதன்பின் நிமிடத்துக்கு ஒருமுறை அடிதொட்டுக் கிளறினாற் போதும். பொதியிற் குறித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாக ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய உறுதி இருக்கும்போது கீரையையும், கடலையையோ எண்ணெய் வடித்து உதிர்த்த மீனையோ சேர்த்து, இரண்டு கிளறு கிளறி இறக்கிவிடுங்கள்.

இறக்கும்போது சட்டியில் இன்னும் சிறிது குழம்பு நிற்றல் வேண்டும். ‘இன்னும் வற்றட்டும்’ என்று காத்திருந்தீர்களாயின் பீங்கானுக்கு வருமுன் அது இறுகிவிடும். பாஸ்தா அடுப்பை விட்டு இறங்கிய பின்னரும் நீரை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். ஐந்து நிமிடத்தில் குழம்பு பதமாகும்.

இதே சட்டியிற் பல மாற்றங்கள் செய்யலாம். வெள்ளிக்கிழமை மரக்கறிக்குரிய நாளாயின் கடலையோடு பூசணித்துண்டுகள் பொருந்தும். இறால் இருந்தால் இறுதி மூன்று நிமிடங்களிற் சேர்த்தாற் போதும். தேங்காய்ப்பால் விரும்புவோர் நீரிற் சிறிது குறைத்துக்கொண்டு, முதற்பாலை இறக்கும் தறுவாயில் விடுதல் வேண்டும். தொடக்கத்திலேயே விட்டால் தக்காளிப் புளிப்பிலும் கொதியிலும் அது திரைந்துவிடும். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு மிளகாயை நீக்கி, சிறிது சீஸ் துருவித் தூவிக் கொடுக்கலாம்.

கடலையை முன்னரே அவித்திருத்தல் அவசியம். புளிப்புள்ள குழம்பில் ஊறிய கடலையை இட்டால் எவ்வளவு நேரமாயினும் மெதுமையடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெருஞ் சட்டியில் அவித்து, பங்கு பங்காகக் குளிர்ப்பெட்டியில் உறையவைத்துக்கொள்வது பயனுள்ள பழக்கம்.

நாம் கற்ற பாடங்கள்

எமது முதல் முயற்சி எவ்வாறு முடிந்தது என்பதை மறைக்காமற் கூறிவிடுகின்றோம். ‘நீர் குறைந்தால் அடிப்பிடிக்குமே’ என்று அஞ்சி இரண்டு லீற்றர் நீர் விட்டோம். நீர் வற்றுவதற்காகக் காத்திருந்தோம். நீர் வற்றுமுன் பாஸ்தா வெந்தது, வெந்தது கரைந்தது. இறுதியிற் சட்டியிலிருந்தது தேர்தற் காலத்திற் சுவரொட்டி ஒட்டுவதற்கு மிகவும் ஏற்றதாயிருந்தது. வீட்டார் மௌனமாக உண்டனர். இளையவன் மட்டும், “அம்மா, நாளைக்குப் பாண் வாங்குவமா?” என்று பணிவோடு கேட்டான்.

இரண்டாம் முறை உப்பிற் பிழைத்தோம். மரபு முறையில் நூறு கிராமுக்குப் பத்துக் கிராம் உப்பு என்பது, பெரும்பகுதி உப்பு வடித்த நீரோடு போய்விடும் என்பதனாலேயே. இங்கோ இட்ட உப்பு யாவும் வயிற்றுக்கே செல்கின்றது. அதனை மறந்து வாய்பாட்டைப் பின்பற்றியபோது கடல்நீரை உண்டதுபோலாயிற்று. மேலே சொன்ன ஒன்றரைத் தேக்கரண்டியே போதும்; ரின் மீன் சேர்த்தால் அதிலும் சிறிது குறைக்கலாம்.

மூன்றாவது பாடம் அளவு பற்றியது. உலர்ந்த பாஸ்தா நூறு கிராமில் ஏறக்குறைய பன்னிரண்டு கிராம் புரதம் உண்டு. மிகுதியிற் பெரும்பங்கு மாப்பொருளே. சோற்றைப் போலவே இதனையும் அளந்து உண்ணல் வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் பாஸ்தாவைக் குறைத்து, கீரையையும் கடலையையும் மீனையும் கூட்டிக்கொள்வது நலம்.

கோதுமை நமது மண்ணில் விளையும் தானியமன்று என்பதையும் மறத்தலாகாது. அது கப்பலேறி வரும் பண்டம். எனவே வாரத்தில் ஒருநாட் துணையாக இதனைக் கொள்வோம். மற்ற நாட்களின் மதிப்பு வயலுக்கும் பனைக்கும் உரியது.

எரிவாயுவும் ஒரு கணக்கு

2022ஆம் ஆண்டை நம்மில் எவர் மறந்தார்? சமையல் எரிவாயுச் சிலிண்டர்களை வீதியோரத்திலே வரிசையாக அடுக்கிவைத்து, வெயிலிலும் மழையிலும் மக்கள் காத்துநின்ற காலம் அது. கிராமத்தவர்க்கு விறகேனும் இருந்தது. மாடி வீடுகளில் வாழ்ந்தோர் அதற்கும் வழியின்றித் தவித்தனர். ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்று விரல்விட்டு எண்ணியபோதுதான், கொதிக்கும் ஒவ்வொரு லீற்றர் நீருக்கும் ஒரு விலை உண்டு என்பதை நாம் உணர்ந்தோம்.

அக்கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். இத்தாலியரின் வாய்பாட்டின்படி 350 கிராம் பாஸ்தாவுக்கு மூன்றரை லீற்றர் நீரைக் கொதிக்கவைத்தல் வேண்டும். ஒரு சட்டி முறையில் ஒரு லீற்றர் போதும். நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பம் நீரின் அளவுக்கேற்பவே கூடும் என்பது விஞ்ஞானம் கற்கும் மாணவர் அறிந்தது. ஆகவே அந்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே நமக்கு ஏற்படுகின்றது. குழம்புக்கென இரண்டாவது அடுப்பு எரியவேண்டியதுமில்லை.

அதே 2022ஆம் ஆண்டில் இத்தாலியிலும் எரிவாயு விலை ஏறியது. 2021ஆம் ஆண்டில் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்ற பேராசிரியர் ஜோர்ஜியோ பரீசி, நீர் கொதித்தபின் அடுப்பைத் தணித்தோ நிறுத்தியோ, மூடியிட்டு, எஞ்சிய வெப்பத்திலேயே பாஸ்தாவை வேகவிடலாம் என்னும் யோசனையை ஆதரித்தார். சமையற் கலைஞர் சிலர் கொதித்தெழுந்தனர். நாடே இரு பிரிவாகி வாதாடியது. அவர் கூற்றின் அடிப்படை எளியது. நீர் மெல்லக் கொதித்தாலும் துள்ளிக் கொதித்தாலும் அதன் சூடு ஏறக்குறைய நூறு பாகைதான். கூடுதலாக எரியும் வாயு ஆவியாகவே போகின்றது.

இதனை நாமும் செய்து பார்த்தோம். பொதியிற் குறித்த நேரத்துக்கு நான்கு நிமிடம் முன்னதாக அடுப்பை நிறுத்தி, இறுக மூடி, பத்து நிமிடம் திறவாமல் விட்டோம். மூடிய சட்டியில் நீர் குறைவாகவே ஆவியாகுமாதலால், தொடக்கத்திலேயே நூற்றைம்பது மில்லிலீற்றர் நீரைக் குறைத்திருந்தோம். பாஸ்தா நன்கு வெந்திருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவர் குளித்துவிட்டு வரலாம்.

அறை வாடகைக்கு எடுத்து, ஒற்றை அடுப்போடு வாழும் மாணவ நண்பர்களுக்கு இதனைச் சிறப்பாகச் சொல்கின்றோம். பல்கலைக்கழகப் பரீட்சைக் காலத்திலே உடனடி நூடில்ஸ் பொதியையே மூன்று வேளையும் நம்பியிருக்கும் இளைஞர் பலரை நாம் அறிவோம். ஒரு தக்காளி, ஒரு வெங்காயம், ஒரு பிடி கீரை, ஒரு முட்டை ஆகியவற்றோடு தொண்ணூறு கிராம் பாஸ்தா ஒருவருக்கு நல்ல உணவு. அடுப்பை நிறுத்துவதற்குச் சற்று முன் முட்டையை உடைத்து மேலே ஊற்றி மூடிவிட்டால், அது வெந்து இறுகியபின் உண்ணலாம்.

மிஞ்சிய நேரம் யாருக்கு?

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகின்றோம்.

முன்னர் குறிப்பிட்ட வெள்ளவத்தைக் குடும்பத்தில் தாயும் தந்தையும் உத்தியோகம் பார்ப்பவர்கள். மூத்தவள் க.பொ.த. உயர்தர வகுப்பு மாணவி. இளையவனுக்கு வயது பதின்மூன்று. ஒரு சட்டிச் சமையல் வந்தபின் வியாழக்கிழமைகளில் அத்தாய்க்கு ஒரு மணித்தியாலம் மிஞ்சியது. சில வாரங்களின் பின்னர் அவரைச் சந்தித்தபோது, அந்த நேரத்தில் என்ன செய்கின்றீர்கள் என வினவினோம். அவர் சிறிது யோசித்தார்.

“உடுப்பு அயன் பண்ணுறன்” என்றார்.

நாம் திகைத்தோம். சட்டி ஒன்றானது, பாத்திரங்கள் குறைந்தன, எரிவாயு மிஞ்சியது. ஆனால் மிஞ்சிய நேரம் மற்றொரு வேலையாக உருமாறி அதே தோள்களில் ஏறிக்கொண்டது. சமையலை இலகுவாக்குவதால் மட்டும் ஒரு தாயின் மாலைப்பொழுது இலகுவாவதில்லை. அகப்பை கைமாறினாலன்றி அது நிகழாது.

இங்கேதான் இந்த எளிய உணவின் உண்மையான பயனை நாம் காண்கின்றோம். மீன்குழம்பு வைப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும். பதம் பார்த்து வடிப்பதற்கு அனுபவம் வேண்டும். ‘எனக்குத் தெரியாது’ என்று ஆண்மக்கள் ஒதுங்குவதற்கு அவை இடங்கொடுத்தன. ஒரு சட்டிப் பாஸ்தாவோ அந்தச் சாக்கை அடியோடு பறித்துவிட்டது. அளந்து போடவும், அடிதொட்டுக் கிளறவும், மணிக்கூட்டைப் பார்க்கவும் தெரிந்த எவரும் அதனைச் சமைக்கலாம். தந்தை சமைக்கலாம், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பதின்மூன்று வயதுப் பையனும் சமைக்கலாம்.

இதனை அந்த வீட்டாரிடம் எடுத்துரைத்தோம். தந்தை முதலில் நகைத்தார். அப்பாச்சி நகைக்கவில்லை. “தம்பி, வாற வியாழன் நீ சமை. நான் கதிரையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில இருக்கிறன்” என்று பேரனிடம் சொன்னார். தமது மகனைப் பார்த்து, “சட்டியை நீ கழுவு” என்றார். அந்தத் தீர்ப்புக்கு மேன்முறையீடு இருக்கவில்லை.

சென்ற வியாழன் மாலை அவ்வீட்டுக்கு நாம் போயிருந்தோம். அடுக்களையிற் பையன் அகப்பையோடு நின்றான். அப்பாச்சி கதிரையில் அமர்ந்து, “அடியைத் தொட்டுக் கிளறடா” என்று கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். மகள் அறையிலே பாடம் படித்துக்கொண்டிருந்தாள். தாயைக் காணவில்லை. தேடியபோது பல்கனியில், கால்களை நீட்டி, கையிலே தேநீரோடு, ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருந்தார். எம்மைக் கண்டதும் எழப்போனார். நாம் தடுத்தோம்.

சற்று நேரத்தில் உணவு வந்தது. உப்புச் சிறிது குறைவு. அடியில் நான்கு துண்டுகள் ஒட்டியிருந்தன. அனைவரும் இரண்டாம் முறையும் வாங்கி உண்டனர். எட்டு மணிக்கு முன்னதாகவே தொட்டியில் நீர் ஓடும் ஓசை கேட்டது. தந்தை சட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

வாசகர்களே, வருகின்ற வாரத்தில் ஒரு நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். 350 கிராம் பாஸ்தாவும், ஒரு லீற்றர் நீரும், ஒரு சட்டியும் எடுத்துவையுங்கள். அன்றைக்கு அடுப்படிக்குப் போகவேண்டியவர் யார் என்பதை மட்டும், முதல் நாளே வீட்டிற் கூடிப் பேசித் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.